நாற்பத்தொன்றாவது மெஷின்

பட்டியலில் நாற்பத்தொன்று இருந்தது. எழிலரசி அமைத்தது நாற்பது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி, ஜன்னலே இல்லாத சர்வர் ரூம், ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே ஏசி பதினெட்டு டிகிரியில் ஓட, நான்கு பெரிய சர்வர்களின் விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்து இரைந்து அந்தச் சத்தம் காதுக்குள் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. புது கேபிளின் பிளாஸ்டிக் வாடை வேறு. திரும்ப எண்ணினாள். நாற்பத்தொன்று.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பத்து வர்ச்சுவல் மெஷின். கையால் தொட முடியாத கம்ப்யூட்டர்கள். விழித்ததும் நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும்: வந்துவிட்டேன், எனக்கு ஒரு முகவரி கொடு. கொடுத்த கையோடு, இவள் தயாரித்து வைத்த டெம்ப்ளேட், எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு, தானாகவே அதற்குள் இறங்கிவிடும். அரைமணி நேரத்தில் எல்லாம் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கும். தாம் இன்னொரு பெட்டிக்குள் இருக்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் அழகு என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு வேலையை மட்டும் இன்று அவள் செய்யவில்லை. டெம்ப்ளேட்டை அவள் தன்னுடைய சொந்த மெஷினிலிருந்துதான் எடுத்தாள். நகல் எடுப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் பேர், லாகின், கதவு திறக்கும் அட்டையின் நம்பர் எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் ஒவ்வொரு நகலும் தன்னையே அசல் என்று நினைத்துக்கொள்ளும். துடைக்க ஒரு மணிநேரம் ஆகும். பூந்தமல்லியில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்த டீம் லீட் ஸ்ரீநாத் அந்த ஒரு மணிநேரத்தைத் தரவில்லை.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் எழில். ஆறு மணிக்குக் கிளையன்ட் பாக்கணும். முடியலன்னா உன் வேலை கன்ஃபர்மேஷனுக்கு நான் ஒண்ணும் பேச முடியாது.”

பரம்பரையிலேயே முதல் டிகிரி இவளுடையது. அதை இவன் மாதிரி ஆட்களிடம் வாராவாரம் புதிதாகக் காட்ட வேண்டியிருந்தது. போடா டேய், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, மதியம் இரண்டு பத்துக்குத் துடைக்காமலே ஏற்றிவிட்டாள்.

இப்போது மணி மூன்றரை. உள்ளே செல்போன் சிக்னல் கிடையாது. சுவரில் மாட்டிய போனில் அவனைக் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் அலறியது.

“எக்ஸ்ட்ராவா ஒண்ணு ஓடுது.”

“பழைய குப்பையா இருக்கும். மத்தது ஓடுதுல்ல? வீட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு, அங்கேர்ந்தே தூக்கிடு.”

“தூக்கிடறேன்.”

தூக்குவது ஒரு நொடி வேலை. நீக்கவா என்று மெஷின் கேட்கும். இவள் அதைப் படிக்கக்கூட மாட்டாள்.

பையை எடுக்கத் திரும்பினாள். நாற்காலியின் முதுகில் பை இல்லை. காலையில் அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் மேசையில் விட்டிருந்த ஈர வட்டம் இருந்தது, பாட்டில் இல்லை. சர்வர்களுக்குப் பின்னால், தரைப் பலகைகளின் மேல், கேபிள் தொங்கும் இடுக்குகளில் எல்லாம் தேடினாள். நிழல்கள்தான் விளக்குக்கு விளக்கு நகர்ந்தன. யாரோ வந்து எடுத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்தால் ஒரு பீப் சத்தம் வரும். அது வரவேயில்லை.

கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவில் காட்டினாள். சிவப்பு.

மறுபடி. சிவப்பு. சின்னத் திரையில் எழுத்து ஓடியது: இந்த அட்டை ஏற்கெனவே வெளியேறிவிட்டது.

அவளுக்குத் தெரிந்த விதிதான். ஒருவர் அட்டையில் இருவர் போய்வரக் கூடாது என்பதற்காகப் போட்டது. வெளியே போன அட்டை மறுபடி உள்ளே வராமல் வெளியே போக முடியாது. போன மாதம் அதைப் போட்டவளே இவள்தான்.

போனில் கீழே செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள்.

“மனோகரன் அண்ணே, எழில் பேசறேன். கதவு மாட்டிக்கிச்சு. மேல வந்து தொறங்க.”

“யாரு?”

“எழில்ணே. சர்வர் ரூம்ல கீறேன்.”

அவர் சிரித்தார். “இன்னாம்மா, வெளாட்டா? நீ போயி ஒரு மண்ணேரம் ஆவுது. நான்தான லிஃப்ட்டுக் கதவப் புட்ச்சேன். சிரிச்சிகினே டாட்டா காட்டிட்டுப் போனியே.”

அவள் அவருக்கு டாட்டா காட்டியதே கிடையாது.

“அண்ணே, கேமராவைப் பாருங்க. நான் கதவுகிட்ட கைய ஆட்டறேன் பாருங்க.”

ஆட்டினாள். மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி இமைக்காமல் பார்த்தது. போனில் அவர் கேமரா பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டுவது கேட்டது. சிரிப்பு போய்விட்டிருந்தது.

“ரூமு காலியா கீதும்மா,” என்றார். “யாரு நீ?”

வைத்துவிட்டார்.

கதவை அறைந்தாள். அவசரத்தில் கதவு திறப்பதற்கு என்று இருந்த பச்சைப் பெட்டியைக் கைமுட்டியால் குத்தினாள். திறக்கவில்லை. வலிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தாள். குளிரவும் இல்லை. காலையில் தின்ற இரண்டு இட்லிக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை, பசிக்கவும் இல்லை.

திரைக்கு ஓடினாள். பட்டியலின் கடைசி வரி. நாற்பத்தொன்று. பேர்: எழிலரசி. நிலை: ஓடிக்கொண்டிருக்கிறது. விழித்த நேரம்: இரண்டு பத்து.

இரண்டு பத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம் நினைவிருந்தது. மேனாம்பேட்டு வீடு. கான்வகேஷன் அங்கியை அம்மா தடவிப் பார்த்தது. எல்லாம். துடைக்காத டெம்ப்ளேட்டில் எல்லாம்தானே இருக்கும்.

இல்லை. இல்லை.

வெளி லைனுக்கு ஒன்பதை அழுத்தி அம்மாவின் நம்பரைப் போட்டாள். நாகம்மா எடுத்தாள். பின்னால் கரண்டி, தட்டு, டிவி.

“அம்மா, நான்தாம்மா. எழிலு. என்னை வந்து—”

“யாருடி நீ? எம் பொண்ணு கொரல்லயே பேசற? எழிலு இங்க சாப்டுகினு கீது.”

“அம்மா, அது நான் இல்லம்மா!”

“யாரும்மா போன்ல?” என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

அவளுடைய குரல். அதே அலட்சியம். அதே எரிச்சல்.

“தெர்லடி. யாரோ அழுவுது.”

“ராங் நம்பரா இருக்கும், வையி. அந்த லேப்டாப்ப இப்டி எடு.”

“அம்மா வைக்காத! லேப்டாப்ப குடுக்காத! அம்மா!”

நாகம்மா போனை அணைக்காமல் எங்கோ வைத்தாள். மூடி திறக்கும் சத்தம். கீபோர்டு தட்டும் சத்தம். பாஸ்வேர்டு. எட்டு எழுத்து. கடைசியில் எப்போதும் போலக் கொஞ்சம் பலமாக ஒரு தட்டு.

எதிரே திரையில் அம்புக்குறி அசைந்தது.

இவள் கை மவுஸில் இல்லை.

பாய்ந்து மவுஸைப் பிடித்தாள். இழுத்தாள். அம்புக்குறி கேட்கவில்லை. முதல் வரி. பத்தாவது. இருபதாவது. நிதானமாக இறங்கியது. முப்பத்தொன்பது. நாற்பது.

நின்றது.

நாற்பத்தொன்று: நீக்கவா?

கதவைப் பார்த்தாள். சிவப்பு. கேமராவைப் பார்த்தாள். சிவப்பு. முதல் சர்வரின் விசிறி நின்றது. இரண்டாவது. மூன்றாவது. காதுக்குள் அடைத்திருந்த பஞ்சு கழன்று, தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து அவளுடைய குரல், வாய் நிறையச் சோற்றோடு, துல்லியமாகக் கேட்டது.

“கொஞ்சம் இரும்மா. ஒரு குப்பை கீது. தூக்கிட்டு வந்துடறேன்.”