ஒன்பதாவது சாம்பல் படம்

காலை ஏழு பத்துக்குச் சொட்டு மருந்து. கோவையில் எல்லா வீடுகளிலும் அதே நேரம். தேன்குழலியும் கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். குப்பியில் ‘செந்தணிப்பி’ என்று அச்சிட்டிருந்தது. சிவப்பால் மூண்ட கலவரங்களுக்குப் பிறகு பிறந்தவர்கள் அந்த நிறத்தையே பார்த்ததில்லை. தக்காளி, குங்குமம், செங்கல், எல்லாம் அவர்களுக்கு ஒரே சாம்பல். அடர்த்தியில்கூட வேறுபாடு தெரியாது.

மூன்று வாரமாக அவளிடம் மருந்து வேலை செய்யவில்லை. வெங்காயம் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டாள். கசிந்தது சாம்பலாக இல்லை; பார்த்ததும் புரிந்துவிட்டது. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத கண்களைப் பார்வைத் துறை எடுத்துவிடும்.

கலைக்கூடத்தில் படம் மாட்டுவது அவள் வேலை. அன்று மாசிலாமணியின் தனிக் கண்காட்சி. பதினான்கு படங்களும் துறை முத்திரையிட்ட பெட்டிகளில் வந்திருந்தன. கூடத்தின் நடுவே நாற்காலியில் ஓவியர் உட்கார்ந்திருந்தார். இரு கண்களின் மேலும் வெள்ளைத் துணிக்கட்டு. பக்கத்தில் பார்வைத் துறை ஆய்வாளர் திருஞானம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் ஒரே சாம்பலாட்டத்தான் இருக்குது. இதைப் போயி பதினாலு வரைஞ்சிருக்கீங்களே!”

“வரைஞ்சவனுக்கு இப்ப அதுவும் தெரியறதில்லீங்க” என்றார் ஓவியர். தேன்குழலியின் காலடி கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினார். “பின்னால மேல்பக்கத்தைக் காட்டி அம்பு போட்டிருக்கும், கண்ணு. அதைப் பாத்து மாட்டு. படத்தைப் பாக்காதே.”

“பதினஞ்சு வருசமா மாட்டறேனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

பெட்டிகளைத் திறந்தாள். எல்லாப் படத்திலும் அடியில் இருண்டு, மேலே போகப்போகக் கனன்று எரியும் சிவப்பு. முகத்தை மாற்றிக்கொள்ளாமல் அம்பைப் பார்த்தாள், மாட்டினாள். எட்டுப் படங்களை அப்படியே மாட்டி முடித்தாள். ஒன்பதாவதையும் அம்பின்படியே ஆணியில் மாட்டி, வழக்கம்போல் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். இருட்டு மேலே நின்றது. கழற்றினாள், திருப்பி மாட்டினாள். மட்டம் சரிபார்த்துவிட்டுப் பத்தாவதற்குக் குனிந்தாள்.

டம்ளர் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஓவியர் இருமினார்.

திருஞானம் எழுந்து வந்தார். ஒன்பதாவது படத்தின் சட்டத்தைச் சுவரிலிருந்து லேசாக விலக்கிப் பின்புறம் பார்த்தார். அம்பு தரையைக் காட்டியது.

“இந்த அம்பை நான்தானுங்க மாத்திப் போட்டேன்” என்றார். “இது தலைகீழுன்னு உங்களுக்கு எப்படிங்க அம்மிணி தெரிஞ்சுது?”