அவள் கம்ப்யூட்டருக்கு அவன் கொடுத்த நேரம்

அவன் இருமினான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சற்றுத் தாமதித்து, அவளும் இருமினாள். அதே வறட்டு இருமல். முடிவில் அதே கரகரப்பு.

சளி தொத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தான்.

நேற்று வந்தவள். வேலை கற்றுக்கொடுத்ததே அவன்தான். இன்று அவளுக்குத் தலைமைப் பொறுப்பு, தனி அறை, புது மெஷின். அந்த மெஷினைத் தயார்செய்து கொடுக்கிற வேலை அவனுக்கு.

"டைமை மட்டும் சர்வரோட சேர்த்து விட்டுருங்கண்ணா. லேட்டானா சாயங்கால ரிப்போர்ட்டை வாங்காது," என்றாள் காலையில்.

"உங்களுக்கு இல்லாததா மேடம்."

"மேடமா? ஓட்டாதீங்கண்ணா," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனை எரித்தது. அலுவலகத்து மெஷின்கள் எல்லாம் சர்வரிடம் மணி கேட்டு ஓடுபவை. அவளுடையதில் மட்டும் சர்வரின் முகவரிக்குப் பதிலாகத் தன் மெஷினின் முகவரியைப் போட்டான். பிறகு தன் மெஷினைச் சர்வரிலிருந்து துண்டித்து, அதன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினான். ரிப்போர்ட் பிந்தும், அவள் நாற்காலி ஆடும். இனி அவள் என்னைப் பார்த்துத்தான் ஓடணும். நினைக்கவே இனித்தது.

இப்போது மற்ற எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசியின் முனகலுக்கு அடியில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே, அவள் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தட்டினால் அங்கேயும் தட்டல். அவன் நிறுத்தினால் அங்கேயும் அமைதி. நடுவிலிருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. கடிகாரங்களைச் சேர்க்கும் அந்த மென்பொருளும் அப்படித்தான். ஒரேயடியாகத் தாவாது, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்க்கும்.

பழையபடி மாற்றிவிடலாம். இப்போதே.

தன் மெஷினின் நேர அமைப்பைத் திறந்தான். அது மணி கேட்கும் இடத்தில் அவள் மெஷினின் முகவரி இருந்தது. அவன் போட்டதல்ல.

எழுந்தான். அவளும் எழுந்தாள். ஒரே நொடி.

கண்ணாடியில் இரண்டு முகங்கள். ஒன்றின்மேல் ஒன்று.

"அண்ணா," என்றாள்.

அவன் வாயும் சொன்னது. "அண்ணா."

அவள் சிரித்தாள். அவன் உதடுகள் இழுபட்டன. வலித்தது.

அவள் மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள்.

அவன் நெஞ்சும் நின்றது.

அவள் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். அவள் நிதானமாக ரிப்போர்ட்டை அடிக்கத் தொடங்கினாள். அவன் விரல்களும் ஓடின. காது அடைத்தது. திரை கறுத்தது. அவள் இன்னும் மூச்சை விடவில்லை. அவளுக்கு அது சிரமமாகவே இல்லை.