ஓட்டுநர் பக்கம்

“நாப்பத்தேழு.”

“நாப்பத்தேழா? டேப்பை நேரா பிடிச்சு இன்னொரு தடவை அள.”

“நேராத்தான் பிடிச்சிருக்கேன். உனக்காக டேப் பொய் சொல்லுமா?”

அவள் டேப்பின் முனையைச் சக்கரத்தின் நடுவில் அழுத்தி, நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை இழுத்துக் காட்டினாள். கணவன் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தான். மறுபக்கத்துச் சக்கரத்துக்கு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் வந்திருந்தது. ஓட்டுநர் பக்கம் மட்டும் காலையில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

“அஞ்சு மணி நேரம் மாரடிச்சு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியிருக்கோம். நல்ல மெக்கானிக் சார் நீ.”

“நாப்பது வீடியோ பார்த்திருக்கேன் டாக்டரம்மா. ஒருத்தனுக்குக் கூட இப்படி ஆகல.”

அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்கச் சாய்ந்து நிற்பவர்களையும் இழுத்து நடப்பவர்களையும் பார்ப்பவள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வாரம் ஆறு நாளும் கடுகளவு திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருக்கும் அவனுக்கு, ஏழாவது நாளில் பெரிய போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும் என்று ஆசை. அதற்காகவே இரண்டு மாதத்துக்கு முன்பு இந்தப் பழைய ஜீப்பை வாங்கினான். கரடுமுரடான பாதையில் தரை தட்டாமல் போக வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு நீளமானவற்றைப் போட வேண்டும். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போதே, “ஓட்டுற பக்கம் ஸ்பிரிங் ஓய்ஞ்சு போச்சு, மாத்திக்குங்க” என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் இரண்டும் சுவரோரம் நின்றன. காலையிலிருந்தே அவளுடைய கண் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே உயரம். ஓய்ந்துபோனது எது என்று சொல்லவே முடியாது. அதை அவனிடம் சொன்னபோது, “பாரம் ஏறினாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் துருவை இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சப் போய்விட்டான். மதிய வெயிலில் கொதித்திருந்த ஷெட்டின் தகரக் கூரை இப்போது ஆறத் தொடங்கி, ஒவ்வொரு மூலையாக டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருக்க, எண்ணெய் நெடிக்கும் ரப்பர் வாடைக்கும் அடியில் வேறொரு வாடை, யாரோ பல வருடம் தலை வைத்துப் படுத்த தலையணையின் வாடை, விட்டு விட்டு அவளுடைய மூக்கைத் தொட்டது. வண்டியை வாங்கியபோது இது இல்லை. அல்லது ஜன்னல்கள் மூடியிருந்ததால் தெரியவில்லை.

கணவன் தனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

“ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே நீளம் இல்ல தம்பி. ஓட்டுறவங்க பாரத்துக்காக அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் உசரமானதைக் குடுத்திருப்பான். ஸ்டிக்கர்ல எழுதியிருக்குமே?”

கணவன் மனைவியைப் பார்த்தான். கடையில் புதிதாக எது வந்தாலும் ஸ்டிக்கரைப் பிய்த்து, மெல்லிய துணியால் துடைத்துப் பளபளக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஸ்பிரிங்குகளையும் அப்படித்தான் துடைத்து வைத்திருந்தான்.

“பிச்சுட்டாரு அண்ணா,” என்றாள் அவள். “கண்ணாடி ஃபிரேம்னு நினைச்சுட்டாரு.”

மறுமுனையில் சிரிப்பு. “அப்ப மாத்திப் போட்டிருக்கீங்க. கழட்டித் திருப்பிப் போடுங்க.”

அவளுக்கு ஏனோ மனம் லேசானது. தப்பு என்றால் தப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. இருவரும் மறுபடி வண்டியை ஜாக்கில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, அச்சை இறக்கி, ஸ்பிரிங்குகளை இடம் மாற்றினார்கள். வெயில் ஷெட்டின் வாசலிலிருந்து பின்வாங்கிச் சுற்றுச்சுவரில் ஏறியபோது வண்டி மீண்டும் தன் சக்கரங்களில் நின்றது. அவள் டேப்பை வைத்தாள்.

மறுபக்கம் ஐம்பத்து நான்கு. ஓட்டுநர் பக்கம் நாற்பத்தாறு.

“எவ்வளவு?”

“குறைஞ்சிருக்கு.”

கணவன் மறுபடி மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு இரண்டு அளவையும் சொன்னான். “உள்ள யாராவது உக்காந்திருக்காங்களாம்மா?” என்றார் அவர். “இருந்தா இறங்கச் சொல்லுங்க.” அவரே சிரித்தார். கணவனும் சிரித்தான். அவள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஒன்றும் இல்லை, கறுத்த ரெக்சின் உறையைத் தவிர.

“ஸ்பிரிங் கிண்ணத்துல சரியா உக்காரல, அவ்வளவுதான்,” என்றான் கணவன். “அடியில போய்க் கையால தள்ளிவிட்டாச் சரியாயிடும்.”

“இன்னைக்குப் போதும்பா. நாளைக்குப் பார்க்கலாம்.”

“இன்னும் ஒரு பத்து நிமிஷம். இதை இப்படியே விட்டுட்டு வந்தா எனக்குத் தூக்கம் வராது.”

வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து ஓட்டுநர் பக்கத்தைத் தூக்கினான். அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினான். பக்கத்தில் இரும்புத் தாங்கியை வைத்தான். ஆனால் சட்டத்தைத் தொடாமல், நாலு விரற்கடை கீழே. ஸ்பிரிங்கை உட்கார வைக்க ஜாக்கை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், தாங்கி குறுக்கே நிற்கக் கூடாதாம். ஜாக்கின் கைப்பிடியை அவளிடம் கொடுத்துவிட்டுச் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் உருண்டு போனான். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியில் தெரிந்தது.

“நான் சொன்னா மட்டும் அடி. சும்மா கை வைக்காதே.”

“சரி.”

உள்ளே உலோகம் உரசியது. அவன் ஏதோ பாட்டை மூக்கால் முனகினான். அதற்கு நடுவே இன்னொரு ஓசை அவளுடைய காதில் விழுந்தது. ஸ்பிரிங்கின் மெல்லிய கிரீச். சற்று இடைவெளி. மறுபடி கிரீச். அவன் அசையாதபோதும் அது வந்தது. தொழில் பழக்கத்தில் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கியிருந்தாள். நிமிடத்துக்குப் பதினான்கு. தூங்கும் மனிதனின் மூச்சு அவ்வளவுதான் இருக்கும்.

“நீ அங்க எதையாவது ஆட்டுறியா?”

“இல்லையே. விரலை உள்ள விட்டு ரப்பரைச் சரி பண்றேன். ஏன்?”

ஜாக்கின் பிஸ்டன் வெள்ளியாக மின்னியது. அதில் ஒரு கிரீஸ் கோடு இருந்தது. முன்பு உருளையின் விளிம்புக்கு ஒரு கட்டைவிரல் உயரம் மேலே நின்ற கோடு இப்போது விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“ஜாக் இறங்குதுப்பா.”

“சீல் கசியும். ரெண்டு அடி அடி.”

அடித்தாள். ஏறியது. கையை எடுத்தவுடன் இறங்கியது. ஏறியதை விட அதிகமாக.

“வெளிய வா.”

“ஒரு நிமிஷம்.”

“வெளிய வான்னு சொல்றேன்ல!”

“இரு, இரு. விரல் மாட்டிக்கிச்சு. ஸ்பிரிங் வளையத்துக்கு நடுவுல. தூக்கு. கொஞ்சம் தூக்கினாப் போதும்.”

குரலில் இப்போது விளையாட்டு இல்லை. அவள் கைப்பிடியில் தொங்கினாள். முழு உடம்பாலும் அழுத்தினாள். ஜாக் ஒரு விரற்கடை ஏறி, முனகி, இரண்டு விரற்கடை இறங்கியது. சட்டம் தாங்கியைத் தொட்டது. தாங்கியின் கால் சிமெண்டில் புதைந்து, தரை மெல்லக் கீறல் விட்டது.

“தூக்குடி! விரல் போயிடும்!”

அந்த விரல்கள். கடுகளவு திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டே முடுக்கும் விரல்கள்.

அவள் தலையை நிமிர்த்தினாள். ஜன்னல் அவளுடைய முகத்துக்கு நேராக இருந்தது. ஓட்டுநர் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் ரெக்சின் உறை குழிந்திருந்தது. அடியில் அகலமாக. முதுகில் ஆழமாக. குழியின் ஓரத்துச் சுருக்கங்கள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன. நிமிடத்துக்குப் பதினான்கு.

தலையணை வாடை.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். ஜன்னல் விளிம்போடு உதட்டை ஒட்டி, வாசலில் நிற்கும் கடன்காரனிடம் பேசுவதுபோல மெதுவாக, கெஞ்சலாகச் சொன்னாள்.

“இறங்கு. தயவுசெஞ்சு இறங்கிடு.”

சுருக்கங்கள் நின்றன.

குழி, கீழிருந்து மேலாக, நிதானமாக நிரம்பியது. கதவு திறக்கவில்லை. வண்டி ஒருமுறை பெரிதாக அசைந்து எழுந்தது. கையிலிருந்த கைப்பிடி லேசானது. ஒரே அடியில் ஜாக் பூப்போல ஏறியது.

“அப்பாடா,” என்றான் அவன் அடியிலிருந்து. “வந்துடுச்சு. விரல் வந்துடுச்சு. ஸ்பிரிங்கும் உக்காந்துடுச்சு பாரு, ‘டக்’குனு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “எல்லா விரலும் இருக்கா?”

“பத்தும் இருக்கு. தோல்தான் கொஞ்சம் உரிஞ்சிருக்கு.”

“முதல்ல வெளிய வா.”

அவன் குதிகாலைத் தரையில் ஊன்றி உந்தினான். பலகை நகரவில்லை. மறுபடி உந்தினான். காலையிலிருந்து காற்றாக உருண்ட அந்த நான்கு சின்னச் சக்கரங்களும் சிமெண்டில் கரகரவென்று அரைத்துக்கொண்டு, வெள்ளைக் கோடுகள் கிழித்துக்கொண்டு, ஓரங்குலம் வந்தன.

“என்னம்மா இது. திடீர்னு உடம்பு மரத்த மாதிரி இருக்கு.”

அவள் அவனுடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தாள். வந்தான். இடுப்பு. வயிறு. மார்பு.

சட்டை மார்போடு ஒட்டிப் படிந்திருந்தது. மூச்சை இழுத்தான், மார்பு எழவில்லை. பலகை நடுவில் வளைந்து தரையைத் தொட்டது. வயிற்றில் சட்டையின் மடிப்புகள் விரிந்தன. சுருங்கின. அவன் மூச்சு விடாதபோதும்.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“சக்கரத்தை மாட்டினா நேரா நிக்கும். ரெண்டு பக்கமும் சமமா நிக்கும் பாரு.”

அவள் அவனுடைய வயிற்றையே பார்த்தாள்.

கிரீஸ் படிந்த வலது கையை அவளை நோக்கி நீட்டினான். கை பாதி வரைதான் உயர்ந்தது. பிறகு, யாரோ மணிக்கட்டில் கை வைத்ததுபோல, மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

“எழுந்திருக்க முடியலம்மா,” என்றான். “கொஞ்சம் கை குடேன்.”