வால் பக்கம் மட்டும் கசந்த மீன்

ஞாயிறு, பகல் 1.40. ஷுண்டே நகரத்து லியூங் குவாய்ஃபாட், தன் அறுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்தின் நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மேஜையில், ஆவியில் வெந்த முழுப் புல்கெண்டை பாதி தின்ற நிலையில் கிடந்தது. அதில் முதல் வாய் எடுத்தபோதே இரண்டு உறவினர்கள் முகம் சுளித்திருந்தார்கள். கசப்பு.

3.15. மகன் காபாவ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். வாந்தி நிற்கவில்லை. வயிற்றுக்குள் என்ன போயிற்று என்று தெரிந்தாக வேண்டும் என்கிறார் டாக்டர்.

3.40. ஆஸ்பத்திரி தகவல் கொடுத்து இன்ஸ்பெக்டர் சௌ வந்தார். முற்றத்தில் உறவுக் கூட்டம் அப்படியே நின்றது. கிழவரின் அறையில் செய்தித்தாள், அதன்மேல் பூதக்கண்ணாடி, பக்கத்தில் அரிசிச் சாராய வாடையோடு ஒரு சின்னக் கோப்பை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"மீன் சமைச்சது யாரு?"

"நான்" என்றாள் மருமகள் சுயிலின்.

"சுத்தம் பண்ணது?"

"அதுவும் நான்தான். பத்தரை மணிக்கு."

கிழவரின் மூத்த மகள் மெய்ஃபோங் குறுக்கிட்டாள். "பித்தப்பைய உடைச்சிருக்கா, சார், அதான் கசப்பு. கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு மீன ஒழுங்கா அறுக்கத் தெரியல. இல்ல, தெரிஞ்சேதான் என்னமோ பண்ணாளா? அப்பாவுக்கு அவதான் கையால பரிமாறினா. அடுப்புக்குப் பின்னால எலி மருந்து இருக்கு, பாருங்க."

இருந்தது. பாதி காலியான பொட்டலம்.

சௌ மருமகளைப் பார்த்தார். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா. அங்க பேசிக்கலாம்."

"வரமாட்டேன்."

முற்றத்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"நான் மீன் குட்டைக்காரன் மக, சார். பத்து வயசுலேருந்து கத்தி பிடிக்கறேன். விஷம் வெச்சான்னு சொல்றத விடுங்க, பித்தப்பைய உடைச்சான்னு சொன்னாங்களே, அதுக்கு முதல்ல பதில் சொல்லிட்டு வரேன்."

மிச்ச மீன் இருந்த தட்டை இழுத்தாள். "தொடாதீங்க, அது தடயம்" என்று சௌ சொல்வதற்குள் மீனின் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து மென்று விழுங்கினாள். பிறகு வால் நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"வயிறு இனிக்குது. வால்தான் கசக்குது. நீங்களே பாருங்க."

சௌ வயிற்றுப் பக்கத்தை முகர்ந்தார். தயங்கி நுனி நாக்கில் வைத்தார். கசக்கவில்லை.

"பித்தப்பை எங்க இருக்கும்? ஈரலோட ஒட்டி, வயித்துக்குள்ள. நான் அறுக்கையில உடைஞ்சிருந்தா முதல்ல கசக்கவேண்டியது வயிறு. வாலுக்கு எப்படிப் போச்சு? மேலேருந்துதான் சொட்டியிருக்கணும்."

"எதுலேருந்து?"

குடல் போட்ட கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். குடல், ஈரல், வெள்ளைக் காற்றுப்பை. ஈரலின் ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கினதுபோல நேராக வெட்டுப்பட்டிருந்தது. பித்தப்பையைக் காணோம்.

"கழுவின மீன் தட்டுல, குடல் பக்கத்துக் கிண்ணத்துல. இப்படி வெச்சிட்டு வெங்காயத்தாள் வாங்கக் கடைக்குப் போனேன். அந்த நேரத்துல யாரோ பித்தப்பைய நறுக்கி எடுத்திருக்காங்க. தூக்கும்போது ரெண்டு சொட்டு வால்மேல விழுந்திருக்கு."

"அத எடுத்து என்ன பண்றது?"

"கண்ணு தெளியும்னு சாராயத்துல போட்டு முழுங்கறாங்களே, சார். எங்க குட்டைப் பக்கம் அப்படி ஒருத்தர் செத்தே போனாரு. நீங்க மீனுல விஷம் தேடறீங்க. மாமா முழுங்கினது அவர் ரூம்ல இருக்கற சாராயக் கோப்பையில இருந்தது."

சௌ போனை நோக்கி நடந்தார். புல்கெண்டைப் பித்தம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது டாக்டருக்கு. சிறுநீரகம் கெடுவதற்குள் சிகிச்சையை ஆரம்பித்துவிடலாம் என்றார்.

சௌ திரும்பி வந்தபோது சுயிலின் இன்னும் அதே இடத்தில் நின்றாள்.

"பூதக்கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க முடியாதவரு அவ்ளோ சின்னப் பைய நறுக்கியிருக்க மாட்டாரு. நான் கடைக்குப் போனப்ப வீட்ல அவரோட இருந்தது ஒரே ஆள்தான். இல்லையா அக்கா?"

மெய்ஃபோங் சுவரில் சாய்ந்தாள். "அவரு கண்ணுக்காகத்தான் குடுத்தேன். அது விஷம்னு சத்தியமா தெரியாது."

"தெரியாதுதான். ஆனா அவரு விழுந்தப்ப அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாம். ரெண்டு மணி நேரமா டாக்டர் தேடிட்டு இருந்தாரு. நீங்க எலி மருந்தக் காட்டிட்டு இருந்தீங்க."



4.20. ஊசி போட்டிருப்பதாகவும், வாந்தி தணிந்திருப்பதாகவும் காபாவ் போனில் சொன்னான். சௌ நோட்டில் எழுதி முடித்துத் தொப்பியை எடுத்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் கிளம்பறேன்."

சுயிலின் வாசலை மறித்து நின்றாள். "மீன் சரியாத்தான் அறுத்திருந்ததுன்னு எழுதினீங்களா?"

"அது கேஸுக்குத் தேவையில்லையேம்மா."

"எனக்குத் தேவை. எழுதுங்க. எழுதிட்டு முற்றத்துல நின்னு வாசிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

 சௌ தொப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.