நான்காம் போர்ட்டில் எரிந்த விளக்கு

பகல் 12.10. வீட்டில் இணையம் செத்துக் கிடந்தது.

கொன்றது யார் என்பதில் மேதாவிக்குச் சந்தேகமே இல்லை. தெருவே அந்த மனிதருக்கு வைத்த பெயர் அது. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"மாடிக்காரிதான்! நான் புது சுவிட்ச் போட்டதும் மொத்த வேகத்தையும் உறிஞ்சிட்டா. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணணும்."

மாடி அறையில் வாடகைக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர் பெண், படிக்கட்டில் நின்று விழித்தாள். போக்கிடம் வேறு இல்லை அவளுக்கு.

சுவிட்ச் என்றால் விளக்குப் போடுவது இல்லை, கண்ணுகளா. மோடத்தில் வரும் இணையத்தை ஒயர் வழியாக அறை அறைக்குப் பிரித்து அனுப்பும் சின்னப் பெட்டி. பழையது ஆமை வேகம் என்று காலையில்தான் இவர் வேகமானதை மாட்டியிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதற்கு ஒரு பூட்டு. சாவி அவர் இடுப்பில், கஜானாவைக் காப்பவர் மாதிரி.

சாப்பிட வந்திருந்த மனைவியின் அக்கா காவல்துறை ஆய்வாளர். அலமாரி முன் குனிந்தார்.

பெட்டியில் ஒயர் செருகும் துளைகள், அதாவது போர்ட்டுகள், ஐந்து; ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. நான்கின் கீழ் சீட்டு ஒட்டியிருந்தது: மோடம், ஐயா, அம்மா, மாடி. ஐந்தாவதற்குச் சீட்டு இல்லை. ஒயர்களெல்லாம் டேப் சுற்றிய கட்டாகப் பின்னால் போயின. ஐந்து விளக்குகளும் வெறி பிடித்தாற்போல் ஒன்றாக மின்னின.

"எப்ப நின்னுச்சு, மாப்பிள்ளை?"

"பதினொன்னரைக்கு, அண்ணி. அதுவரைக்கும் பறந்துச்சு."

"நீ எங்கடி இருந்த?"

"கடைக்குப் போயிருந்தேன்க்கா," என்றாள் தங்கை. "மாடிக்கும் லைன் குடுத்தாத்தான் இந்தப் பெட்டின்னு கறாரா சொல்லிட்டேன். வந்ததும் பார்த்தேன், மாடி விளக்கு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு."

"அங்கதான் தப்பு!" என்றார் மேதாவி. "பங்கு போட்டா வேகம் என்னத்துக்கு ஆகும்?"

"மாட்டின பிறகு அலமாரியைத் திறந்தீங்களா?"

"தொடவே இல்ல."

"உங்க கம்ப்யூட்டர் என்ன காட்டுது?"

"கேபிள் இருக்கு, இணையம் இல்லைன்னு. உங்க தங்கச்சிக்கும் அதே."

"உனக்கு என்னம்மா காட்டுது?"

மாடிப் பெண் தயங்கினாள். "கேபிளே இணைக்கலைன்னு காட்டுதுங்க. சார்கிட்ட சொன்னேன். உன் கம்ப்யூட்டர் டப்பான்னாரு."

ஆய்வாளர் கையை நீட்டினார். "சாவி."

"இது டெக்னிக்கல், அண்ணி. உங்களுக்குப் புரியாது."

"சாவி, மாப்பிள்ளை."

12.40. டேப் பிரிந்தது. நான்காம் போர்ட்டிலிருந்து கிளம்பிய ஒரு நீலத் துண்டு ஒயர், பெட்டியின் பின்னால் வளைந்து அதே பெட்டியின் ஐந்தாம் போர்ட்டில் செருகப்பட்டிருந்தது. மாடியிலிருந்து வந்த ஒயர் சுருட்டி ஒளித்துவைக்கப்பட்டு, முனை அந்தரத்தில் தொங்கியது.

"மாடியில கேபிளே இல்ல, ஆனா மாடி விளக்கு எரியுது. எப்படி?" என்றார் ஆய்வாளர். "இவ கடைக்குப் போனதும் மாடி ஒயரைப் பிடுங்கிட்டீங்க. விளக்கு அணைஞ்சா இவ கேப்பா. அதனால இந்தத் துண்டு. ஒயரோட மறுமுனை ஓடிட்டிருக்குற ஏதாவது ஒரு மெஷின்ல இருந்தாத்தான் விளக்கு எரியும்; கைக்குக் கிடைச்சது இதே பெட்டியில காலியா இருந்த அஞ்சாவதுதான்."

"அதுக்கும் இணையம் நின்னதுக்கும் என்ன சம்பந்தம்?"

நிஜமாகவே கேட்டார், பாவம். கொலைகாரருக்கே கொலை தெரிந்திருக்கவில்லை.

"எங்க ஸ்டேஷன்லயும் ஒரு புத்திசாலி இதையே பண்ணினான். அவன் தெரியாமப் பண்ணினான். இந்தப் பெட்டி அனுப்பினது இதுக்கே திரும்பி வருது. அதையே பெருக்கி மறுபடி அனுப்புது. தன் பேச்சைத் தானே கேட்டுக் கேட்டு, வேற யாரையும் ஒரு வார்த்தை பேச விடல." ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கா இது புரியல, மாப்பிள்ளை?"

தங்கை நீல ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். மாடி ஒயரை நான்கில் செருகினாள். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. அலமாரியைப் பூட்டி, சாவியை மாடிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. ரூமும்தான்."

மேதாவி வாயைத் திறந்தார். மூன்று பெண்களும் அதற்குள் சாப்பிட உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.