தைத்து மூடிய ஜெர்சி

யாரும் போடாத ஜெர்சியில் வியர்வை வாடை அடித்தது.

சலவைக்காரி அதை மறுபடி முகர்ந்து பார்த்தாள். நேற்று அவளே துவைத்து, அலசி, மைதானத்துக்குப் பின்னால் இருந்த சலவை அறைக் கொடியில் மாட்டியதுதான். போட்டுக்கொள்ள ஆளில்லாத துணிக்கு ஈரப் புல்லின் வாடையும், முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் காரமும், அக்குள் நனைவும் எங்கிருந்து வரும் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல், பழகிய கை அதை வாளித் தண்ணீரில் முக்கியது. கால்பந்து கிளப்புக்கு ஆடிய பையன்களில் பத்துப் பேர் ஒரே லாரியில் போருக்குப் போனார்கள். லாரியோடு போய்விட்டார்கள். பின்னால் வந்த வண்டியில் இருந்த கோல்கீப்பர், அவளுடைய மகன், ஒரு காலைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். புது டீம் சேரும்வரை துணிகள் வீணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் செயலாளர்.

பத்து ஜெர்சியிலும் சேறு. கோல்கீப்பரின் மஞ்சள் ஜெர்சி மட்டும் சுத்தமாகத் தொங்கியது.

சலவை அறையை ஒட்டித்தான் அவர்கள் குடியிருந்த அறை. வெளிச்சம் மங்கும் நேரம். ஜன்னலோரக் கட்டிலில் மகன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். வெளியே எதையோ உதைக்கும் சத்தம். பின்னாலேயே பல கால்கள் ஓடும் சத்தம்.

"கேக்குதாம்மா?"

"காத்துடா. தகரம் அடிச்சுக்குது."

"தகரம் பாஸ் பண்ணுமா? அந்த மொட்டையன் இன்னிக்கும் பந்தை யாருக்கும் தரமாட்டேங்கறான். செத்தும் திருந்தல."

அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் முதுகு சில்லிட்டது.

"கோல்ல ஆளே இல்லம்மா. பந்து பாட்டுக்கு உள்ள போயிட்டே இருக்கு. பாவம், ரொம்பக் களைச்சுட்டாங்க."

"நீ பேசாம படு. அவங்களுக்கு உன்ன விட்டா ஆளா கெடைக்கல?"

"போர் முடிஞ்சதும் ஆடலாம்னு பேசி வச்சிருந்தோம். அவங்களுக்கு முடிஞ்சிடுச்சு. எனக்குத்தான் இன்னும் முடியல." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் எழுந்து போய் மஞ்சள் ஜெர்சியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கோணி ஊசி. மெழுகு தடவிய தடித்த நூல். கழுத்தைத் தைத்தாள். கைகள் இரண்டையும் தைத்தாள். கீழ் விளிம்பையும் நெருக்கமாகத் தைத்து, விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். நுழையவில்லை. மீண்டும் கொடியில் மாட்டினாள்.

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான்," என்று ஈரம் சொட்டும் பத்து ஜெர்சிகளிடம் சொன்னாள். "வேற ஆளைப் பாத்துக்குங்க கண்ணுங்களா. உங்க அழுக்கை எவ்வளவு துவைச்சிருக்கேன். எனக்காக இது ஒண்ணு."

கொடியில் ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் அந்தி. குழாயடியில் குந்தியிருந்தாள். உதைக்கும் சத்தம். ஓட்டம். மறுபடி உதை. வழக்கமாக அதற்குப் பிறகு வலை சலசலக்கும்.

இன்று சலசலக்கவில்லை.

பொத்.

பந்தை நெஞ்சோடு வாரி அணைக்கும் சத்தம். சின்ன வயதிலிருந்து சுவரில் உதைத்து உதைத்து மகன் பிடித்துப் பழகிய சத்தம். எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"தம்பி?"

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அறைக்கு ஓடினாள். கட்டிலோரம் ஊன்றுகோல் இரண்டும் சாய்ந்தபடி. போர்வை விலகியிருந்தது. படுக்கையில் சூடு. ஆள் இல்லை.

கொடிக்கு ஓடினாள்.

பத்து ஜெர்சியும் சேறாகத் தொங்கின. கடைசியில் மஞ்சள். கீழே ஈர மண்ணில் பூட்ஸ் தடம் ஒன்று. ஒரே ஒரு கால்.

கழுத்துத் தையல் அப்படியே. கைத் தையல் அப்படியே. ஒரு நூல் பிரியவில்லை.

நெஞ்சில் வட்டமாகச் சேறு.

தொட்டாள். வெதுவெதுப்பு.

காற்றே இல்லை. தைத்து மூடிய கைகள் இரண்டும் மெல்ல மேலே வந்து, இல்லாத பந்தை அணைத்துக்கொண்டன. அவள் உள்ளங்கைக்கு அடியில் மஞ்சள் துணி, ஓடிக் களைத்தவனின் நெஞ்சைப்போல, ஏறியது. இறங்கியது. ஏறியது.