கீறாத வயிறுகள்

காலையில் சுலபமாகச் சாத்திய சமையலறைக் கதவு சாயங்காலம் தரையில் உரசி நின்றது. அவன் குனிந்து பார்த்தான். கதவு இறங்கவில்லை, தரைதான் ஏறியிருந்தது. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி நடுவில் லேசான மேடு, அதன்மேல் நூல்போல ஒரு விரிசல், விரிசலிலிருந்து அவனுக்கு நன்றாகப் பழகிய வாடை.

செத்த கால்நடைகளை வேகவைக்கும் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன் அவன். பண்ணைகளிலிருந்து மூடிய வண்டியில் வருவதை நீராவியில் கரைத்து, கொழுப்பையும் எலும்புத்தூளையும் பிரித்து, நோய் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாடைக்குப் பயந்தே மனைவி அவனைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டு நேராகக் குளிக்க அனுப்புவாள். இன்று குளித்தாகிவிட்டது. இது அவன் உடம்பிலிருந்து வரவில்லை.

வீடு மச்சான் தயவில் கிடைத்தது. மனைவியின் அண்ணன்தான் ஆலைக்கு மேலாளர். கொதிகலன் வருவதற்கு முன், கொள்ளைநோய் வந்த வருஷம், மாடுகளையெல்லாம் மச்சான் முன்னின்று புதைத்த நிலத்தில் ஊழியர்களுக்குக் கட்டிய வீடுகளில் இது ஒன்று. தெரிந்தேதான் குடிவந்தான். முறையாகப் புதைத்தால் பயமில்லை. வயிற்றைக் கீறிவிட்டு, சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும். கீறாவிட்டால் உள்ளே காற்று ஊதி, உடல் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். ஆனால் அதெல்லாம் அப்போதே நடந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து எது ஊதும்?

"அப்பா." மகள் அந்த மேட்டில் காதை வைத்துப் படுத்திருந்தாள். "கீழ யாரோ மெல்லுறாங்க."

"எலியா இருக்கும். எந்திரி."

"எலி இவ்வளவு மெதுவாவா மெல்லும்? மெல்லுது, முழுங்குது, மறுபடியும் மெல்லுது."

"ஆரம்பிச்சிட்டீங்களா அப்பனும் மகளும்!" அடுப்படியிலிருந்து மனைவி திரும்பாமலே சொன்னாள். "எங்க அண்ணன் குடுத்த வீடுன்னா உங்களுக்கு எல்லாமே குத்தம்தான்."

அவனும் காதை வைத்தான். அடுப்பின் சீறலுக்கும் குழாய் சொட்டுவதற்கும் அடியில், சிமெண்டுக்கும் அடியில், ஈரமான எதையோ அகலமான பற்கள் பக்கவாட்டில் அரைக்கும் சத்தம், அவசரமே இல்லாமல், ஒன்றல்ல, வரிசையாகப் பல, ஒரே சீராக. கொல்லைக்குப் போய் மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், இங்க புதைச்சப்போ வயித்தக் கீறினீங்கதானே?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. "இப்ப எதுக்கு மாப்ள அது?"

"கீறினீங்களா இல்லையா?"

"எப்படிக் கீறுறது? ஒரே நாள்ல முடிக்கச் சொல்லிட்டாங்க. கொல்லுற ஊசி மருந்து பாதியிலயே தீந்துபோச்சு. மிச்சத்தையெல்லாம் அப்படியே குழிக்குள்ள ஓட்டிவிட்டோம்." குரல் தாழ்ந்தது. "அசைபோட்டுக்கிட்டே நின்னுச்சுங்க மாப்ள. மண்ணு கழுத்து வரைக்கும் வந்தப்பகூட."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போன்ற சிரிப்பு. செத்த மாட்டைத் தொடுவதற்கு ஆலையில் சுவர் முழுக்க விதி எழுதி ஒட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்ததைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதன்மேல் கட்டிய வீட்டில் அவன் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறான்.

பிள்ளை.

உள்ளே ஓடினான். சமையலறைக் கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தான். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. நுழைந்தான்.

தரைக்கடியில் சத்தம் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. மனைவி கரண்டியைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

மகள் அதே இடத்தில், தரையில் காதை வைத்தபடி. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"கண்ணு, அப்பாகிட்ட வா."

அவள் விழுங்கினாள். தொண்டையில் ஏதோ இறங்கியது. நின்றது. மறுபடி மேலே ஏறியது.

தாடை மெதுவாக, பக்கவாட்டில், அசையத் தொடங்கியது. வாயோரத்தில் ஈரமண் ஒழுகியது.